குவாத்தமாலாவுக்கு யார் போவது

பெரிய பங்களாவின் முன் விறாந்தையில், பிரம்புக் கதிரை ஒன்றின் நுனியில் முத்துவீரன் தொற்றிக்கொண்டிருந்தான். உட்கார்ந்திருந்தான் என்று சொல்ல முடியாது. யாராவது "எழும்பு" என்றால், சொன்னவர் வாய் மூடுவதற்குள் எழும்பிவிடக்கூடிய இருப்பு அது.

ஐம்பத்திரண்டு வயசுக்குள் அந்தப் பங்களாவுக்கு அவன் எத்தனையோ தடவை வந்தவன்தான். எல்லாம் பின்பக்கத்தால். குசினி வாசலில் விறகு இறக்கியிருக்கிறான். கூரையில் குளவிக்கூடு கலைத்திருக்கிறான். முந்திய துரை ஒருவரின் நாய் செத்தபோது மிளகுக் கொடிக்குக் கீழே குழி வெட்டி, துரைசாணி அழுது முடியும்வரை மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். ஆனால் முன்பக்கத்தில் இருந்து பார்த்தால் இரத்தோட்டைப் பக்கத்து மலைகள் ஒன்றன் தோளில் ஒன்று கை போட்டுக்கொண்டு நிற்கும் என்பது, 2004ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்து அந்தச் சனிக்கிழமை காலையில்தான் அவனுக்குத் தெரியவந்தது.

"சேர், குடிக்க என்ன எடுக்கிறீங்க?"

வெள்ளைச் சட்டை, கறுப்புக் கழுசான், கையில் துணி போட்ட தட்டு. நடராஜா. அழகாயியின் தம்பி, முத்துவீரனின் மச்சான். தோட்டத்தில் இவர்கள் இருக்கும் அதே லயத்து வரிசையில் மூன்றாவது வீடு.

"என்னடா சேரு மோருன்னுக்கிட்டு."

"மெதுவாப் பேசுங்க மச்சான். மெனேஜர் பாக்குறாரு. நீங்க இப்ப கெஸ்ட், நான் வெய்ட்டர். ரெண்டு நாளைக்கு ஒங்களுக்கும் எனக்கும் சொந்தம் கெடையாது."

"அப்ப போன மாசம் வாங்கிட்டுப் போன மண்வெட்டி?"

"அதப்பத்தி ஆபிஸ்ல விசாரிங்க சேர்," என்று பணிவாகச் சொல்லிவிட்டு நடராஜா அக்காவின் பக்கம் குனிந்தான். "மேடம், ஒங்களுக்கு?"

அழகாயி மற்றக் கதிரையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சின்ன உருவம், கால் நிலத்தில் முட்டவில்லை. "தேத்தண்ணி. சாயம் ஏறினதா. நேத்து ஒன் பொண்டாட்டி ஊத்திக் குடுத்த மாதிரி வேணாம்."

கதை என்னவென்றால், இது ஓர் ஒத்திகை.

அந்தப் பங்களாவின் வாசல் கல்லில் 1884 என்று வெட்டியிருக்கும். துரைமார் போய், தோட்டம் அரசாங்கத்துக்கு மாறி, கொஞ்சக் காலம் வௌவால்கள் குடியிருந்து, யுத்தநிறுத்தம் வந்து வெள்ளைக்காரர்கள் மறுபடி மாத்தளைப் பக்கம் எட்டிப்பார்க்கத் தொடங்கியதும் கொழும்புக் கம்பனி ஒன்று அதை ஹோட்டலாக்கியது. எட்டே அறைகள். அறைகளுக்கு இலக்கம் இல்லை. கறுவா, கராம்பு, சாதிக்காய், மிளகு என்று பெயர். பழைய கட்டில், பழைய அலுமாரி, துரைமார் குளித்த கால்முளைத்த தொட்டி எல்லாவற்றையும் மினுக்கி அதே இடத்தில் வைத்திருந்தார்கள். பழசாக இருப்பதற்கே அங்கு மதிப்பு.

போன வருசம் ஏலக்காய்க் காலத்தில் அங்கே பத்து நாள் தங்க வந்தவர் எல்வீரா அம்மா. தென்னமெரிக்கா என்று எல்லாரும் நினைத்தார்கள். அதற்கும் மேலே, குவாத்தமாலா என்றொரு நாடு. ஸ்பானிய மொழி பேசுகிறவர். அறுபது வயசு, ஆம்பிளைச் சப்பாத்து, சிரித்தால் விறாந்தை அதிரும். அவருக்கும் அங்கே ஏலத் தோட்டம் இருந்தது. இங்கே தோட்டத்து ஸ்டோரில் உலர்த்தி எடுத்த காயைப் பார்த்ததும் கைநிறைய அள்ளி வெளிச்சத்தில் பிடித்து அப்படியே நின்றுவிட்டார். அவர் ஊரில் காய் உலரும்போது வைக்கோல் நிறத்துக்கு வெளுத்துவிடுகிறதாம். இங்கே செடியில் பறித்த பச்சை அப்படியே இருந்தது.

"இதை யார் உலர்த்துகிறார்கள்?" என்று கேட்டார்.

தோட்டத்தில் ஒரு வேலையை யார் செய்கிறார் என்று கேட்டால் செக்ரோல் என்ற பேர்ப் பதிவேட்டைத்தான் பார்ப்பார்கள். செக்ரோலில் ஸ்டோர்காரர் என்ற இடத்துக்கு நேரே முத்துவீரன் பேர் இருந்தது. அழகாயி பேர் மலையில், காய் பறிக்கிற பெண்கள் வரிசையில் இருந்தது. ஆகவே அழைப்பு முத்துவீரனுக்குப் போனது: அடுத்த வருசம் நவம்பரில் இருந்து மூன்று மாதம் குவாத்தமாலாவுக்கு வந்து, என் ஆட்களுக்கு உலர்த்தக் காட்டிக் கொடுக்க வேண்டும்.

ஐம்பது வருசம் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் இருந்தவனுக்குப் பிரசாவுரிமைச் சட்டம் வந்து, ஒரே வருசத்தில் இருக்க ஒரு நாடும் போக ஒரு நாடும் கிடைத்தது. முத்துவீரனுக்குத் தலைகால் புரியவில்லை. உக்குவளையில் ஒரு புத்தகக் கடையில் உலகப் படம் வாங்கி லயத்துச் சுவரில் ஒட்டினான். துபாய், மட்ரிட், குவாத்தமாலா நகரம், அங்கிருந்து ஆறு மணித்தியாலம் வாகனத்தில் கோபான் என்று மூச்சு விடாமல் சொல்லப் பழகினான். ஸ்பானிய மொழியில் காலை வணக்கமாம், "புவேனோஸ் தியாஸ்" என்று விடிந்ததும் கோழிகளுக்கும் சொன்னான்.

இப்போது எல்வீரா அம்மா பயணத்தை முடிவாக்கத் திரும்பி வந்திருந்தார். "பயணம் போகிறவர் முதலில் பயணியாக இருந்து பழகட்டும்" என்று சொல்லி, புருசன் பெண்சாதி இரண்டு பேருக்கும் கறுவா அறையை அவரே எடுத்துக் கொடுத்தார். முள்ளுக்கரண்டி பிடிக்க, சுடுதண்ணிக் குழாய் திறக்க, மெனு பார்த்துச் சொல்ல, எல்லாம் பழக இரண்டு நாள். திங்கட்கிழமை விசாவுக்கான அழைப்புக் கடிதத்தில் பேர் எழுதிக் கையெழுத்து வைப்பார்.

இதில் ஒரேயொரு சிக்கல். ஏலக்காய் எப்போது உலர்ந்தது என்று முத்துவீரனுக்குச் சொல்லத் தெரியாது.

நெருப்பு வைக்கத் தெரியும். விறகின் சாதி தெரியும். தட்டு அடுக்க, ஆவி போகக் கதவு திறக்க, எல்லாம் அத்துப்படி. ஆனால் போதும், இனி இறக்கு என்கிற அந்த நேரம் அவனுக்குப் பிடிபடாது. பிடித்துச் சொல்கிறவள் அழகாயி.

அது தொடங்கியது எண்பத்தொன்பதில். பொழுதுபட்டால் விளக்கை அணைக்கச் சொல்லிக் கிளர்ச்சிக்காரர்கள் சுவரில் துண்டுக் காகிதம் ஒட்டின காலம். காட்டோரத்து ஸ்டோரில் தனியே நெருப்புப் பார்க்க முத்துவீரனுக்குப் பயம். பயம் என்று சொல்ல வெட்கப்பட்டு, "நீயும் வாயேன், பேச்சுத்துணைக்கு" என்றான். பேச்சுத்துணைக்கு வந்தவள் பேசவில்லை. நாலு காயை உள்ளங்கையில் பொத்தி, காதடியில் வைத்து ஆட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள், "இப்ப எறக்குங்க" என்றாள். அந்தத் தடவைதான் முதல் தடவையாகக் காய் பச்சை மாறாமல் வந்தது.

"பச்சக் காய் ஊமைங்க," என்று அவள் விளக்கம் சொல்லுவாள். "பாதி காஞ்சா முணுமுணுக்கும். பதம் வந்தா பேசும். அதத் தாண்டினா கத்தும். கத்துறதுக்கு முந்தி எறக்கிறணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான். பதினைந்து வருசமாக முத்துவீரனும் ஆட்டிப் பார்க்கிறான். அவன் காதுக்கு எல்லாக் காயும் ஒரே மாதிரித்தான் சலசலக்கிறது. பேச்சுக்கும் கத்தலுக்கும் நடுவில் அரை மணித்தியாலம்கூட இல்லை. அதற்குள் நிறம் போய்விடும். ஆகவே ஏற்பாடு இப்படி ஆனது: அவள் மலையில் இருந்து இறங்கி, தேத்தண்ணிப் போத்தலோடு ஸ்டோருக்கு வருவாள். ஆட்டிப் பார்ப்பாள். போகும்போது சொல்லிவிட்டுப் போவாள். துரை வந்து கேட்டால் முத்துவீரன் விளக்கம் சொல்லுவான். இதில் ஒரு தப்பு இருப்பதாக இரண்டு பேருக்கும் தோன்றியதில்லை. அல்லது அவனுக்குத் தோன்றியதில்லை.

மத்தியானம் சாப்பாட்டு மேசையில் பயணம் விரிந்தது. எல்வீரா அம்மா வரைபடத்தைப் போட்டு, மிளகுப் போத்தலையும் உப்புப் போத்தலையும் மூலைக்கு வைத்தார். ஹோட்டல் மெனேஜர் லாபிர், உக்குவளைக்காரர், நடுவில் உட்கார்ந்து அவருடைய இங்கிலீசைத் தமிழாக்கினார்.

"கோபான்ல மழை பெய்யுமாம் முத்துவீரண்ணே. நம்ம எல்கடுவப் பக்கம் தூறுற மாதிரி, நாள் முழுக்க."

"அட்டை கடிக்குமா?" என்று அழகாயி கேட்டாள்.

லாபிர் கேட்டுச் சொன்னார். "அட்டை இல்லையாம். நுளம்புதான் கடிக்குமாம்."

"சாப்பாடு?" இது முத்துவீரன்.

"சோள மாவுல ரொட்டி. மூணு வேளையும். அவரைக் கூட்டு. சோறும் கெடைக்குமாம், கேட்டா."

"மூணு மாசத்துக்கு ரொட்டியா? நம்ம லயத்துல இருக்கிறதுக்கு என்ன வித்தியாசம்?" என்று அழகாயி சொல்ல, லாபிர் அதை மொழிபெயர்க்க, எல்வீரா அம்மா மேசையில் அடித்துச் சிரித்தார். தண்ணீர்க் கிளாஸ் சரிந்து மட்ரிட் நனைந்தது.

முத்துவீரன் தன் ஸ்பானிய மொழியை எடுத்துவிடுவதற்கு இதுதான் நேரம் என்று தொண்டையைச் செருமினான். "புவேனோஸ் தியாஸ். கிராசியாஸ். மூச்சோ காலோர்." காலை வணக்கம், நன்றி, வெக்கை அதிகம்.

எல்வீரா அம்மா கைதட்டினார். பிறகு ஏதோ நீளமாகச் சொன்னார். லாபிர் கொஞ்சம் தயங்கினார். "நல்லாப் பேசுறீங்களாம். ஆனா அங்க தோட்டத்துல வேலை செய்றவங்க ஸ்பானிஷ் பேசமாட்டாங்களாம். அவங்க அந்த மண்ணுச் சனம். அவங்களுக்கு வேற பாஷையாம்."

"அப்ப நான் கோழிக்கெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

அழகாயி சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். "பங்களாவுக்கு ஒரு பாஷை, லயத்துக்கு ஒரு பாஷையா? அங்கயுமா?" என்று கேட்டாள். லாபிர் அதை மொழிபெயர்க்கவில்லை. மெல்லச் சிரித்துவிட்டு ஒரு அப்பளத்தை உடைத்தார்.

சாப்பாடு முடியும்போது எல்வீரா அம்மா ஒரு விசயம் சொன்னார். காலையில் ஸ்டோரில் புதுக்காய் ஏற்றியிருப்பது அவருக்குத் தெரியும். நாளைக்கு அது இறங்கும் நேரத்தில் தானும் உள்ளே நின்று பார்க்க வேண்டும். முத்துவீரன் எதைப் பார்த்து, எதைக் கேட்டு முடிவெடுக்கிறார் என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொள்ள வேண்டும். அதன் பிறகு கடிதம்.

"ஓ, அதுக்கென்ன," என்றான் முத்துவீரன். கடைசியாக வந்த வட்டிலப்ப இனிப்பைக் கரண்டியால் ஓரத்துக்குத் தள்ளினான்.

அறைக்கு வந்ததும், "நாளைக்கு எப்பவும் போல பத்து பத்தரைக்குத் தேத்தண்ணி கொண்டாந்துரு" என்றான்.

அழகாயி கட்டிலைத் தட்டி விரித்துக்கொண்டிருந்தாள். வந்ததில் இருந்து இது மூன்றாந்தரம். அறை துப்புரவாக்க வந்த பெண், தனக்கு வேலை வைக்காமல் தொட்டி முதற்கொண்டு தேய்த்துக் கழுவிவிட்டார்கள் என்று லாபிரிடம் முறைப்பாடு வைத்திருந்தாள்.

"பத்து மணிக்கு எனக்கு எண்ணெ தேய்க்கிறாங்க."

"என்னது?"

"தங்க வர்ற பொம்பளைங்களுக்கு அதுவும் உண்டாம். பழைய குதிர லாயத்துல. தல, முதுகு, காலு எல்லாம். ரெண்டு மணித்தியாலம். நடராஜா எழுதி வச்சிட்டான்."

"எண்ணெய வீட்டுல தேச்சுக்கலாம் புள்ள."

"இருவத்தாறு வருசத்துல ஒரு தடவ தேச்சு விட்டிருக்கீங்களா?"

முத்துவீரன் ஜன்னலுக்குப் போனான், திரும்பி வந்தான். "அப்ப காய் ஆயிருச்சான்னு யாரு பாக்குறது?"

அழகாயி தலையணையை நிமிர்த்தி வைத்தாள். கோபமில்லை. சிரிப்பும் இல்லை. "செக்ரோல்ல யாரு பேரு இருக்கோ அவரு பாக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி. ஸ்டோருக்குள் வெக்கை. எல்வீரா அம்மா ஒரு கொப்பியும் வெப்பமானியும் வைத்துக்கொண்டு மரப்பெட்டி மேல் உட்கார்ந்தார். பக்கத்தில் லாபிர், கழுத்துப் பட்டியைத் தளர்த்திக்கொண்டு. இராத்திரி நெருப்புப் பார்த்த, விறகு தள்ளுகிற இராமையா கதவடியில் நின்று முத்துவீரனைப் பார்த்தான். அழகாயி அக்கா எங்கே என்று கண்ணாலேயே கேட்டான். முத்துவீரன் பார்க்காத மாதிரி இருந்தான்.

பத்தே காலுக்கு ஒரு கை அள்ளி ஆட்டினான். "முணுமுணுக்குது."

லாபிர் சொன்னார். எல்வீரா அம்மா ஆச்சரியத்தோடு எழுதினார்.

பத்தரைக்கு மறுபடி ஆட்டினான். "இன்னும் முணுமுணுக்குது."

எழுதினார்.

பதினொன்றுக்குப் பத்து இருக்கும்போது முத்துவீரன் பேச்சை வளர்க்கப் பார்த்தான். விறகைப் பற்றிச் சொன்னான். கூரைத் தகரம் மாற்றிய வருசத்தைச் சொன்னான். தனக்கு ஏன் முத்துவீரன் என்று பேர் வைத்தார்கள் என்று சொன்னான். லாபிர் ஒரு கட்டத்தில் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டு, "இதுவும் சொல்லணுமா அண்ணே?" என்று கேட்டார்.

பதினொரு மணிக்கு ஆவியின் மணம் மாறியது. அது மட்டும் அவனுக்குத் தெரியும். புல்லு வாசம் போய், உள்ளே இருக்கிற விதையின் வாசம் வெளியே வரத் தொடங்கியிருந்தது. இதற்குப் பிறகு எந்த நிமிசமும் பதம். எந்த நிமிசமும் பாழ். ஒரு கை அள்ளி ஆட்டினான். சலசலத்தது. இடது காதில் வைத்தான். சலசலத்தது. பேசுகிறதா, கத்துகிறதா?

'ஆயிருச்சு' என்று குத்துமதிப்பாகச் சொல்லிவிடலாம். பாதிக்குப் பாதி சரியாக வரும். வந்தால் துபாய், மட்ரிட், கோபான். வராவிட்டால், விறகு ஈரம் என்று இராமையா தலையில் போடலாம். இதெல்லாம் அவனுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் கண்ணுக்கு முன்னால் பதினாறு தட்டுக் காய் இருந்தது. நாற்பது பெண்கள் இரண்டு நாளாகக் காட்டு நிழலில் குனிந்து, கால் விரல் இடுக்கில் சவர்க்காரம் பூசி அட்டைக்குத் தப்பிப் பறித்த காய். அதில் ஒரு கூடை அழகாயியுடையது.

முத்துவீரன் ஒரு பிடி காயைப் பொத்திக்கொண்டு ஓடினான்.

ஸ்டோரில் இருந்து பங்களாவுக்கு நூற்றுப் பன்னிரண்டு படி. ஒன்றையும் எண்ணவில்லை. புல்தரையைக் குறுக்கே மிதித்து, முன் விறாந்தையில் ஏறி, கம்பளத்தில் சேற்றுக் கால் பதிய, சாப்பாட்டு அறையைக் கடந்து, "சேர்! சேர்! மச்சான்!" என்று கத்திய நடராஜாவைத் தாண்டி, மறுபக்கத்தால் இறங்கிப் பழைய குதிரை லாயத்துக் கதவில் போய் மோதினான்.

"அழகாயி!"

உள்ளே வீணையோ எதுவோ மெல்லிசாக வாசித்துக்கொண்டிருந்தது. எண்ணெய் தேய்க்கிற இலட்சுமி கதவை ஒரு சாண் திறந்தாள். "ஐயா, உள்ள வரக்கூடாது."

"வரல்ல தங்கச்சி. இத அவகிட்டக் குடு. சீக்கிரம்!"

இடுக்கு வழியாக ஒரு பிடி ஏலக்காய் உள்ளே போனது. வீணை நின்றது. கதவுக்கு வெளியே முத்துவீரன் மூச்சு வாங்கினான். அவனுக்குப் பின்னால் எல்வீரா அம்மா ஆம்பிளைச் சப்பாத்தோடு வந்து நின்று மூச்சு வாங்கினார். அவருக்குப் பின்னால் லாபிர். அவருக்குப் பின்னால் துணி போட்ட தட்டோடு நடராஜா.

உள்ளே இருந்து மெல்லிய சலசலப்பு. ஒரு தரம். இன்னொரு தரம்.

"எறக்குங்க!" அழகாயியின் குரல், எண்ணெயில் வழுக்கி வந்த மாதிரி. "இப்பவே! விறக இழுக்கச் சொல்லுங்க. ரெண்டு கதவும் தொறக்கணும். மேல் தட்டு முதல்ல. கீழ இருந்து உருவுனா கெட்டுச்சு!"

நடராஜா தட்டை நிலத்தில் வைத்தான். வெள்ளைச் சட்டையோடு விறாந்தை விளிம்புக்கு ஓடி, கையை வாயில் குவித்து, மலைக்கு மலை ஆள் கூப்பிடுகிற அந்த நீட்டலில் கூவினான்: "இராமையாவோ... மேல் தட்டூ... எறக்கூ!" கராம்பு அறையில் இருந்த ஜேர்மன்காரர் ஒருவர் கமெராவோடு வெளியே வந்தார்.

கீழே ஸ்டோர்க் கதவு இரண்டும் திறக்கிற சத்தம் கேட்டது.

எல்வீரா அம்மா லாபிரைப் பார்த்து ஏதோ கேட்டார். லாபிர் முத்துவீரன் பக்கம் திரும்பினார். "என்ன நடந்ததுன்னு கேக்குறாங்க. நான் என்ன சொல்ல அண்ணே? வேணுமின்னா, சம்சாரத்துக்கிட்ட அபிப்பிராயம் கேட்டாருன்னு சொல்றேன்."

நல்ல மனுசன். முத்துவீரனுக்குத் தப்பிக்க ஒரு கதவைத் திறந்துகொடுத்தார். முத்துவீரன் அந்தக் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"வேணாம் ஐயா. உள்ளதச் சொல்லுங்க. எனக்கு நெருப்பு வைக்கத்தான் தெரியும். பதம் தெரியாது. பதினஞ்சு வருசமா அவதான் சொல்றா. பேரு என்னோடது, காது அவளோடது. அப்படியே சொல்லுங்க."

லாபிர் சொன்னார். எல்வீரா அம்மா வாயில் கைவைத்தார். பிறகு கொப்பியைப் பார்த்தார். முணுமுணுக்குது, இன்னும் முணுமுணுக்குது என்று எழுதிய பக்கம். அதைக் கிழிக்கவில்லை. அடியில் ஒரு கோடு போட்டார்.

முத்துவீரன் பின்பக்கம் போய்க் குசினிப் படியில் உட்கார்ந்தான். இங்கே உட்கார அவனுக்குப் பழக்கம். முதுகு தானாகச் சாய்ந்தது. சுவரில் ஒட்டிய உலகப் படம் நினைவுக்கு வந்தது. மட்ரிட்டில் நாலு மணித்தியாலம் காத்திருக்க வேண்டும் என்று லாபிர் சொல்லியிருந்தார். அந்த நாலு மணித்தியாலத்தில் என்ன செய்வதென்றுகூட அவன் யோசித்து வைத்திருந்தான்.

கொஞ்ச நேரத்தில் அழகாயி வந்தாள். தலையில் துவாய்க் கட்டு, முகமெல்லாம் எண்ணெய் மினுக்கம். வழியில் ஸ்டோரை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"காய் எப்படி?"

"பச்சையா இருக்கு. அடித்தட்டு ரெண்டுதான் கொஞ்சம் வெளுத்திருச்சு." பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீங்க ஏதாவது ஒண்ணச் சொல்லி ஒப்பேத்திருவீங்கன்னு நெனச்சேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

"அப்பறம்?"

"காய் கெட்டுப் போயிருமே புள்ள."

அழகாயி அவனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு துவாயின் நுனியால் அவன் கழுத்து வேர்வையைத் துடைத்தாள். எண்ணெய்தான் அப்பியது.

"வேணுமின்னுதான் எண்ணெ தேய்க்கப் போனியா?"

"பின்ன?"

உள்ளே குசினிக்காரர்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. முத்துவீரனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வெட்கத்தோடு கலந்து வந்ததால் விக்கல் மாதிரி வந்தது.

பகல் மேசையில் வரைபடம் மறுபடி விரிந்தது. இந்தத் தடவை எல்வீரா அம்மா அழகாயிக்கு நேரே உட்கார்ந்தார். வருவீர்களா என்று கேட்டார். நடராஜா கறிச் சட்டியோடு அசையாமல் நின்றான்.

"வாறேன்," என்றாள் அழகாயி. முத்துவீரன்கூட அவள் யோசிக்க ஒரு நாள் கேட்பாள் என்றுதான் நினைத்திருந்தான். "ஆனா மாத்தளை அம்மன் தேருக்கு முந்தி நான் வீட்டுல இருக்கணும். மாசி மகம். அதுக்கு ஒரு கிழமை முந்தின திகதியப் போடச் சொல்லுங்க."

லாபிர் கைவிரலில் எண்ணிப் பார்த்து, திகதியைச் சொன்னார். எல்வீரா அம்மா எழுதினார்.

"எனக்குத் தனியா ஒரு அடுப்பு. அரிசி அங்கயே வாங்கிக்கலாம். ஒறப்புக்குக் கொச்சிக்கா நான் கொண்டுவருவேன்."

எழுதினார்.

"அங்க ஸ்டோருக்குள்ள யாரு வேலை செய்றாங்க? ஆம்பிளையா, பொம்பளையா?"

ஆண்கள்தான் என்றார் எல்வீரா அம்மா. பெண்கள் பறிக்கிறதோடு சரி. உள்ளே வருவதில்லை, அது அங்கத்து வழக்கம்.

"அப்படின்னா பறிக்கிறதுல ஆறு பொம்பளைங்கள உள்ள விடணும். அவங்க பேரையும் உள் வேலைக்காரங்கன்னு எழுதணும். அவங்களுக்குத்தான் நான் காட்டிக் குடுப்பேன். ஆம்பிளைங்க நெருப்பப் பாத்துக்கட்டும்."

லாபிர் அதை மொழிபெயர்க்கும்போது குரலில் ஒரு குஷி இருந்தது. எல்வீரா அம்மா பேனையைக் கீழே வைத்தார். அவருடைய தோட்டத்தில் அது சின்ன விசயம் இல்லை என்று முகத்தில் தெரிந்தது. பிறகு பேனையை எடுத்தார். "சீ," என்றார். ஆமாம் என்று அர்த்தம். இதற்கு மட்டும் முத்துவீரனே முந்திக்கொண்டு மொழிபெயர்த்தான்.

இரண்டு டிக்கட் எடுக்கலாமா என்று எல்வீரா அம்மா கேட்டதற்கு முத்துவீரன்தான் தலையாட்டி மறுத்தான். "ரெண்டு பேரும் போயிட்டா இங்க ஸ்டோர யாரு பாக்குறது?"

"இத்தன நாளு நீங்களா பாத்தீங்க சேர்?" என்றான் நடராஜா, பருப்பை ஊற்றிக்கொண்டே. லாபிர் அவனை முறைக்க நினைத்து, முடியாமல் சிரித்துவிட்டார்.

திங்கட்கிழமை கடிதத்தில் அழகாயி பேர் ஏறியது. அவள் படிப்பு அஞ்சாம் வகுப்பு வரை. பேனையை உளி மாதிரிப் பிடித்து, தன் பேரைத் தானே ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி வைத்தாள். எழுதி முடித்து ஊதிக் காயவைத்தாள். வெளிநாட்டு விமானத்தில் எப்படிப் பட்டி கட்டுவது, துபாயில் எந்தப் பலகையைப் பார்த்து நடப்பது, மட்ரிட்டில் நாலு மணித்தியாலத்துக்கு எங்கே உட்காருவது என்று முத்துவீரன் அன்றைக்கே அவளுக்குப் பாடம் தொடங்கிவிட்டான். வரைபடத்தில் அவனை அடிக்க ஆளில்லை.

அடுத்த கிழமை புதுக்காய் ஏறியது. பயணத்துக்குப் பதினொரு கிழமை இருந்தது. முத்துவீரன் காது பழக, அதற்குள் ஏழோ எட்டோ தடவைதான் ஸ்டோரில் நெருப்பு எரியும். அது எல்வீரா அம்மா ஊருக்குப் போவதற்கு முதல் நாள். அதே மரப்பெட்டியில் முத்துவீரனும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள், இரண்டு பேர் கையிலும் ஒவ்வொரு பிடி காய். அழகாயி தேத்தண்ணிப் போத்தலைத் திறந்து தனக்கு மட்டும் ஊற்றிக்கொண்டாள்.

"என்ன சொல்லுது?"

முத்துவீரன் கண்ணை மூடி ஆட்டினான். "பேசுது."

"இல்ல."

எல்வீரா அம்மா ஆட்டினார். அவரும் தலையாட்டினார்: பேசுகிறது.

"இல்ல. காத நல்லாத் தொறந்து கேளுங்க. அவசரப்படாதீங்க." அவள் ஒரு மடக்குக் குடித்தாள்.

கால் மணித்தியாலம் போனது. இரண்டு பேரும் மறுபடி ஆட்டினார்கள். இந்தத் தடவை முத்துவீரன் அவசரப்படவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, தலையைச் சாய்த்து, மழை நின்றுவிட்டதா என்று கேட்கிறவன் மாதிரி இருந்தான். உள்ளங்கைக்குள் ஏதோ ஒன்று மாறியிருந்தது. அல்லது மாறியிருப்பதாக அவனுக்குப் பட்டது.

"இன்னும் கொஞ்சம்," என்றான். "அஞ்சு நிமிசம்."

அழகாயி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்து, அவன் கையில் இருந்து இரண்டு காயை எடுத்து ஆட்டினாள்.

"ஏழு நிமிசம்," என்றாள். "பரவாயில்ல."